மாத்தளையின் வாசனைத் தோட்டங்களும் ஒரு போத்தலும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பெருந்தெருவில் வடக்கே புறப்படுங்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, வியாபாரத்துக்குப் பேர்போன அக்குறணைக் கடைத்தெருவையும் கடந்தால், ஏறக்குறைய 25 கிலோமீற்றரில் மாத்தளை. 1880-ல் வந்த ரயில் பாதை இன்றும் இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பஸ்தான். பலாபத்வலை, நாலந்தா, நாவுலை என்று போகப் போக, பாதையின் இரு மருங்கிலும் 'வாசனைத் திரவியத் தோட்டம்' என்ற பலகைகள் உங்களை அழைக்கும்.

இறங்கிப் பாருங்கள், தவறில்லை. கறுவாப் பட்டையை உங்கள் கண்முன்னே உரித்துக் காட்டுவார்கள். மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடி, நிழலில் கொக்கோ, கயிறு போலத் தொங்கும் வனிலா. பழுத்து வெடித்த சாதிக்காய்க்குள் ரத்தச் சிவப்பில் கொட்டையைச் சுற்றிக் கிடக்கிறதே, அதுதான் நம் பிரியாணிக்குப் போடும் வசவாசி. இத்தனையும் பார்த்து முடிய, உங்களை ஒரு கடைக்குள் அழைத்துப் போவார்கள். அங்கே வரிசை வரிசையாகப் போத்தல்கள். முடி கொட்டுவதற்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு மனப்பயம் தீர்ந்து நித்திரை வர என்றும் ஒன்று இருக்கக்கூடும்.

அப்படியொரு போத்தல் எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்தது. என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். பதினெட்டாம் நாளாகியும் பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். மூச்சு வருகிறதா என்று இரவு முழுக்க மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கைகள் சில்லிடும். "கண்ணூறு" என்றார் மாமி. "கூதல் அடிச்சிருக்கு" என்றார் உம்மும்மா. மாத்தளைப் பக்கம் போய்வந்த அவளுடைய மச்சான்தான் போத்தலை வாங்கிவந்தார். அன்பில் செய்த காரியம், குற்றம் சொல்வதற்கில்லை.

அன்று பிற்பகல் வந்த மருத்துவ மாது போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இலைப் படம், 'மூலிகை' என்ற சொல், விலை. வேறொன்றுமில்லை.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மரந்தானே மிஸ், கெடுதி இல்லையாம்."

"உம்மா குடிச்சா பாலோட புள்ளைக்கும் போகும். என்ன மரம் எண்டு தெரியாம எப்படிக் குடுக்கிற?"

கேள்வி சின்னது. ஆனால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். சர்ப்பகந்தி என்ற வேர் இருக்கிறது. சிங்களத்தில் ஏகவேரிய என்பார்கள். சித்தம் கலங்கியவர்களுக்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தது. 1931-ல் அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். பிறகு 1952-ல் அதே வேரிலிருந்து ரெசர்பின் கிடைத்தது. மனத்தை அடக்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளிவிடும். தாய்ப்பாலிலும் கலக்கும், பச்சைக் குழந்தையின் மூக்கை அடைக்கும். வேர்தான், இலைதான் என்பதால் அது மருந்தில்லாமல் போய்விடுமா?

சாதிக்காயும் அப்படித்தான். கறிக்கு ஒரு சிட்டிகை வாசனை. நித்திரைக்கென்று அளவு மீறி உரைத்துக் குடித்தாலோ வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும். எது தீரவேண்டும் என்று குடித்தோமோ அதுவே கூடும்! அமுக்கராக் கிழங்கை இப்போது மனநெருக்கடிக்கென்று குளிசையாகவே விற்கிறார்கள். பாலூட்டும் தாய்க்கு அது பத்திரமானது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி அரைத்த பத்தியக் கறியை நான் குறை சொல்ல வரவில்லை, சகோதரிகளே. அது உணவு. சூடான சோறும், நாற்பது நாள் ஓய்வும், பக்கத்தில் ஓர் உம்மாவும் இருப்பதே பாதி மருந்து. வேலைக்கென்று ஊர் மாறிப்போய், பெற்ற மூன்றாம் வாரமே தனியாக அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு இன்று அந்தப் பாதியும் கிடைப்பதில்லை. கறி மட்டும் தபாலில் வருகிறது!

பிள்ளை பெற்ற மூன்றாம், நாலாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உள்ளது. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதைத் தாண்டியும் பயமும் தூக்கமின்மையும் நின்றால் அது நோய். உலகில் பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈமான் குறைவுமல்ல, தாய்ப்பாசம் குறைவுமல்ல. சில வேளை தைரொய்ட் சுரப்பி நிலை தவறினாலும் இதே படபடப்பு வரும். அதை ரத்தம் சோதித்துத்தான் அறியலாம், போத்தல் அறியாது.

1987-ல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மருத்துவ மாது அவளிடம் மெல்ல மெல்லக் கேட்டார். மாமியை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்டார். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்த நினைத்ததுண்டா என்பது. அதற்கு 'ஆம்' என்று வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, பிள்ளையைப் பற்றி விபரீத எண்ணம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

அவளுக்கு வைத்தியர் கொடுத்தது செர்ட்ரலின். பாலில் மிகக் குறைவாகவே சேருவது, பால் கொடுத்தபடியே எடுக்கலாம் என்றார். மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை இரவு ஒரு தடவை பிள்ளைக்குப் பாலூட்டி முடிந்ததும் தூக்கிப்போய் வைத்துக்கொள்வது வாப்பாவின் வேலை என்றும் சொல்லியனுப்பினார். போத்தல் வாங்கிவந்த அதே மச்சான், தோளில் பிள்ளையும் கையில் பாலாடையுமாக விறாந்தையில் நடந்த இரவுகளை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

போன மாதம் அவள் தன் மகனோடு மாத்தளைக்குப் போய்வந்தாள். கறுவாவும் மிளகும் ஒரு கிலோ வீதம் வாங்கிவந்து எங்கள் எல்லார் வீட்டுக்கும் பங்கு வைத்திருக்கிறாள்.