ஒரு டீக்கு இரண்டு கணக்கு



டெக்கரேட்டர் என்றால் நம்மூரில் பந்தல் போட்டு சீரியல் லைட் கட்டுபவர். பைத்தானிலும் ஒரு டெக்கரேட்டர் உண்டு. 2004-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து, ஃபங்ஷனின் தலைக்கு மேல் 'அட்' குறி போட்டு எழுதும் ஒரு வரி. அது இல்லாததால் ஒரு பையன் திருடனாகப் பார்த்தான்.

கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கும் உறவினர் கல்லாக் கணக்குக்கு ஒரு பைத்தான் புரோகிராம் வைத்திருக்கிறார். பௌர்ணமி இரவு, கணினி காட்டிய தொகையைவிடப் பெட்டியில் பணம் குறைவு. பழி கல்லாவில் இருந்த பையன் மேல். நான் ஓய்வு பெற்ற வருடம் ஆறாம் வகுப்பில் இருந்தவன் அவன்.

சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவி புரோகிராமை வாங்கிப் பார்த்தாள். "சார், பைகியூட்டியில் பட்டனை அழுத்தினால் 'கிளிக்டு' என்ற செய்தி இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று வெறுமனே, இன்னொன்று ஆம், இல்லை என்ற தகவலோடு. பட்டன் பெயரை வைத்துத் தானாக இணையும் ஃபங்ஷனுக்கு, 'பைகியூட்டிஸ்லாட்' என்று அடையாளம் போட்டு எந்த வடிவம் என்று சொல்லணும். சொல்லலைன்னா இரண்டுக்கும் ஓடும்."

மற்ற பட்டன்களுக்கு அந்த வரி இருந்தது. புதிதாகச் சேர்த்த டீ பட்டனுக்கு மட்டும் இல்லை. குறைந்த பணம், அன்று விற்ற டீயின் தொகைக்குச் சரியாக இருந்தது.

உறவினர் நேரில் போய்க் கூப்பிட்டும் பையன் அந்தக் கடைக்குத் திரும்பவில்லை. எனக்கும் அவனைப் போகச் சொல்ல மனம் வரவில்லை. பைத்தான் கற்கணும் என்கிறான். ஞாயிறுகளில் சொல்லித்தர முடிந்த பிள்ளைகள் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.