மூடியைத் திறவாமல்

மனைவி காலமானபின் எட்டு மாதங்களாக அந்த ஸ்லோ குக்கர் அலமாரியிலேயே கிடந்தது. ரொறன்ரோவின் சனவரிக் குளிரில், ஒரு காலை, வேலைக்குப் போகுமுன் அதை வெளியே எடுத்தேன். ஒரே கூரையின் கீழ் இருந்தும் மகனும் நானும் பேசி வெகுநாளாயிற்று. அவளுடைய சேலைகளை அவனைக் கேளாமல் பிறருக்குக் கொடுத்துவிட்டேன். அன்று தொடங்கிய மௌனம்.

தோள்பகுதி மாட்டிறைச்சி ஒரு கிலோ. விலை குறைந்த, நார் மிகுந்த பகுதியே ஸ்டூவுக்கு உகந்தது. அதன் இணைப்பிழையம் எட்டு மணி நேர இளஞ்சூட்டில் பசையாய்க் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். துண்டுகளை முதலில் தாச்சியில் சிவக்க வாட்டவேண்டும். நேரமில்லையென்று விட்டுவிட நினைத்தேன், அவள் ஒருநாளும் விட்டதில்லை. உருளைக்கிழங்கும் கரட்டும் இறைச்சியிலும் தாமதித்தே வேகும்; ஆகவே அவை அடியில், சூட்டின் அருகே. “கிழங்கை ஏன் புதைக்கிறாய்?” என்று அவளைக் கேலி செய்தவன் நான்.

1940இல் இவ்வகைக் கலத்துக்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சன் ஒரு யூதர். ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது என்பதால், வெள்ளி மாலையே பானையை வெதுப்பகத்தின் தணியும் அடுப்பில் விட்டுவரும் லித்துவேனிய வழக்கத்தைக் குடும்பத்தார் சொல்லக் கேட்டிருந்தார். இரவு முழுதும் எவரும் திறவாப் பானை! மூடியைத் திறந்தால் சூடு தப்பி, வேகும் நேரம் அரைமணிவரை நீளும்.

மாலை மகன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஆர் அப்பா சமைச்சது?”

இரண்டு கோப்பைகளை அவனே எடுத்துவைத்தான். ஒரு கரண்டி உண்டபின், “மிளகு காணாது” என்றான். மிளகுப் போத்தலை அவன் பக்கம் நகர்த்தினேன்.