கடைசி வண்டியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர்



போன வாரம் நம் பழைய எட்டாம் வகுப்புக் குழுவில் ஒருத்தி, "டீச்சர், ரிட்டயர் ஆகி என்ன பண்றீங்க, மாடித் தோட்டமா?" என்று கேட்டிருந்தாள். கார் ரேஸ் ஓட்டுகிறேன் என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. நான் உண்மையைத்தான் சொன்னேன். பதிவு கொஞ்சம் நீளம். சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

மகள் வயிற்றுப் பேரன் விழுப்புரத்தில் ஆறாவது படிக்கிறான். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவன் அம்மாவோடு மண்டகப்பட்டுக்கு வந்துவிடுவான். சிங்கப்பூரில் இருக்கும் அவன் மாமா போன பொங்கலுக்கு ஒரு நின்டெண்டோ விளையாட்டுக் கருவி வாங்கி வந்து கொடுத்தான். அதில் மரியோ கார்ட் என்று ஒன்று. ஜப்பானில் 1992-இல் தொடங்கி இன்றுவரை புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறதாம். கார்ட் என்பது கோ-கார்ட். தரையோடு தரையாக, ஸ்பிரிங்கூட இல்லாத குட்டி வண்டி.

ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குணம். காளான் தலை டோட் லேசானவன். சட்டென்று கிளம்புவான், ஆனால் உச்ச வேகம் குறைவு, பெரிய ஆள் இடித்தால் ஓரமாகப் போய் விழுவான். ஆமை ராஜா பவுசர் கனமானவன். கிளம்ப நேரமாகும், வேகம் பிடித்துவிட்டால் எட்டிப் பிடிக்க முடியாது. நான் டோட். என் வயதுக்குச் சட்டென்று கிளம்புகிறவன்தான் சரி.

எனக்குப் பிடித்துப்போனது வேறு ஒரு சங்கதி. வழியில் கேள்விக்குறி போட்ட பெட்டிகள் மிதக்கும். மோதினால் ஒரு பொருள் கிடைக்கும். முதலில் போகிறவன் மோதினால் வாழைப்பழத் தோலோ ஒரு காசோ வரும். கடைசியில் போகிறவன் மோதினால் ராக்கெட் வரும். அது அவனைத் தூக்கிக்கொண்டு தானே ஓடி, நாலு பேரைத் தாண்டி இறக்கிவிடும். இடத்துக்குத் தகுந்த உதவி. செய்தவர்கள் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தையும் அறுபத்தைந்து வயதுக் கிழவியும் ஒன்றாக விளையாட வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு வகுப்பறை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கருவிக்கு சார்ஜரைக் கொண்டுவர மறந்துவிட்டான். வெளியே மழை. வீட்டில் உட்கார முடியாமல் பரணில் ஏறி, மாமா பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பழைய பிளேஸ்டேஷனை இறக்கினான். கூடவே ஒரு டிஸ்க், எஃப்1 2011. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் அந்த வருடம் வெளியிட்டது. இதில் காளானும் ஆமையும் கிடையாது. 2011-இல் உண்மையாகவே ஃபார்முலா ஒன் ஓட்டிய 12 அணிகள், 24 பேர். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். வெட்டல், ஹாமில்டன், அலோன்சோ, ஷூமாக்கர். ஹெச்.ஆர்.டி. என்ற அணியில் நரேன் கார்த்திகேயன்.

"அட, நம்ம கோயம்புத்தூர்க்காரர்!" என்று அவர்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.

"ஆயா, அவரை எடுக்காத. ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துட்டேன். வேஸ்ட்டு."

33 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் சுருக்கென்று இருக்கும். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும், பாதி அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தது.

பிறந்தது 1977 ஜனவரி 14, பொங்கல் சமயம். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், ராலி பந்தயத்தில் தேசியச் சாம்பியன். வசதியான குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஏழைப் பையன் காரோட்டி ஆன கதை இது இல்லை. ஆனால் இந்தப் பந்தயத்தில் வசதி என்பது ஐரோப்பாவில் இருக்கும் வசதி. அங்கே ஏழு, எட்டு வயதில் கோ-கார்ட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஷூமாக்கரின் அப்பா கெர்பென் ஊரில் கார்ட் மைதானத்தையே பார்த்துக்கொண்டவர். குழந்தை நடை பழகும்போதே வண்டியும் பழகிவிடும். நரேன் சிறுவனாக இருந்தபோது நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த நாடு இது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுபாதை வந்ததே அதற்குப் பிறகுதான்.

இங்கே இன்னொரு கோயம்புத்தூர்க்காரரைச் சொல்லியாக வேண்டும். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்து, அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர் வைத்தார். வெளிநாட்டு வண்டி வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வகுப்பு. நரேனும் அதில் ஓட்டித்தான் வந்தார். கரிவரதன் 1995-இல் சிறு விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ஓடுபாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தன் மாணவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று பார்க்க அவர் இல்லை. வாத்தியார்களுக்கு இது நடப்பதுதான்.

நரேன் 1992-இல் பிரான்ஸ் போய்ப் பந்தயப் பள்ளியில் படித்தார். பிறகு இங்கிலாந்து. 1996-இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டன் அணியின் காரில் கிளம்பியபோது, ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அந்த வருடமே பிளேஸ்டேஷன் 2 விளையாட்டில் அவர் பெயர் வந்துவிட்டது. நம் நாட்டுப் பெயர் ஒன்றை உலகத்துப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்து ஓட்டலாம் என்று ஆனது அப்போதுதான்.

ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷ்லின் டயர் போட்ட கார்களுக்கு ஒரு வளைவில் ஆபத்து என்று தெரிந்து, 14 கார்களும் கிளம்பும் முன்பே உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஐந்து புள்ளி. ஒரு இந்தியர் பெற்ற முதல் ஃபார்முலா ஒன் புள்ளிகள்.

"ஆறு பேர்ல நாலாவதா? இது ஒரு ரேங்க்கா ஆயா?"

"பரீட்சைக்கு வந்தவங்களுக்குத்தான்டா மார்க். ஆறு பேர்ல ரெண்டு பேர் அவருக்குப் பின்னால வந்திருக்காங்க, அதையும் எண்ணு."

ஒப்புக்கொள்ளவில்லை. சரி, ஆறாவது படிக்கிறவன் உடனே ஒப்புக்கொண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் இந்த ஹெச்.ஆர்.டி. ஸ்பெயின் நாட்டு அணி. 2010-இல் வந்து 2012-ஓடு மூடிவிட்டார்கள். மூன்று வருடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பணம் இல்லை. 2011-இல் புது வண்டியைப் பந்தயத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கக்கூட நேரத்துக்குத் தயாராகவில்லை. நம் ஊர் குகைக்கோயிலில் மகேந்திரவர்மன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கட்டினேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறானே, அவன் பெருமையாகச் சொன்னான். இவர்கள் சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் ஓட்டியதும் இதே அணியில்தான். நம் ஆட்கள் இருவருக்கும் வரிசையின் வாலில்தான் இடம்.

107 சதவீதம் என்று ஒரு விதி உண்டு. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் வேகமானவர் எடுத்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் நிற்கவே முடியாது. 2011, 2012 இரண்டு வருடமும் மெல்போர்னில் ஹெச்.ஆர்.டி.யின் இரண்டு கார்களும் இந்த விதியில் அடிபட்டு வெளியே போயின. நரேன் மட்டும் இல்லை, கூட ஓட்டியவரும்தான்.

நிஜப் பந்தயத்தில் கேள்விக்குறிப் பெட்டி கிடையாது. முன்னால் முடிக்கிற அணிக்குப் பணம் அதிகம், அந்தப் பணத்தில் அடுத்த வருடம் இன்னும் நல்ல கார். கடைசியில் இருப்பவனுக்குக் கொடுப்பது குறைவு, அதனால் அடுத்த வருடமும் கடைசி. இதைச் சொன்னபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க செக்‌ஷன் மாதிரி" என்றான்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். போன வருட மதிப்பெண்ணை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார்கள். இவன் டி. ஏ பிரிவுக்குக் காலையில் தனி வகுப்பு. டி பிரிவுக்கு ஜூனிலிருந்து கணக்குக்கு நிலையான டீச்சரே இல்லை, யாருக்கு ஓய்வு நேரமோ அவர் வந்து அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். பையன்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்தான் "வேஸ்ட்டு செக்‌ஷன்". என் மகளுக்கே இது தெரியாது. வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வருகிறவள், பிள்ளை ஒழுங்காகப் போய் வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று நான் ஒன்றும் புத்தி சொல்லவில்லை. பழைய வருகைப் பதிவேடு ஒன்று வீட்டில் காலியாக இருந்தது, அதை எடுத்துக் கோடு போட்டேன். தில்லி பக்கத்தில் இருக்கும் புத் ஓடுபாதை அந்த விளையாட்டில் உண்டு. அதில் அவனை ஐந்து சுற்று வெட்டலின் ரெட்புல் காரில் ஓட்டச் சொன்னேன். ஐந்து சுற்று நரேனின் காரில். நேரத்தை நான் எழுதினேன். ஐந்து விநாடிக்கும் மேல் வித்தியாசம் வந்தது.

"இந்தப் பத்துச் சுற்றையும் ஓட்டினது யாரு?"

"நான்தான்."

"நரேன் எங்க ஓட்டினாரு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. விஷயம் அவ்வளவுதான். அந்த விளையாட்டில் நரேனை எடுத்தால் உனக்குக் கிடைப்பது நரேனின் தலைக்கவசமும் ஹெச்.ஆர்.டி.யின் காரும். கை உன்னுடையது. காரின் மெதுவை ஆளின் மேல் எழுதிவிட்டான் பிள்ளை. அவன் மட்டுமா, 2011, 2012-இல் பேப்பர் படித்த பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் அவன் விடவில்லை. "அப்போ யாரு நல்லா ஓட்டுறாங்கன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" இந்தக் கேள்விக்காகத்தான் அவனை எனக்குப் பிடிக்கும். ஒரே அணியில் இரண்டு பேர், ஒரே மாதிரி கார். அந்த இருவரைத்தான் ஒப்பிட முடியும் என்றேன். 2011 அக்டோபர் 30, அதே புத் ஓடுபாதை, இந்தியாவின் முதல் கிராண்ட் பிரி. வெட்டல் முதலிடம். நரேன் 17. ஹெச்.ஆர்.டி.யின் இன்னொரு கார் 18. அந்தக் காரில் இருந்தவர் டேனியல் ரிக்கியார்டோ. அந்த வருடம் நடுவில் நரேனை இறக்கிவிட்டு உட்கார வைத்ததும் அவரைத்தான். தில்லிக்கு மட்டும் நரேனை இன்னொரு காரில் கூப்பிட்டார்கள். அந்த ரிக்கியார்டோ பின்னால் ரெட்புல் காருக்குப் போனார், மொத்தம் எட்டு கிராண்ட் பிரி ஜெயித்தார். ஒரு நாள் பந்தயத்தை வைத்து நரேன் அவரைவிடப் பெரியவர் என்று நான் சொல்ல மாட்டேன். ரிக்கியார்டோ அப்போது சின்னப் பையன், நரேனுக்கு 34 வயது. ஆனால் 18-ஆவது வந்தவர் வேஸ்ட் இல்லை என்று பிற்பாடு உலகத்துக்கே தெரிந்தது. 17-ஆவது வந்தவருக்கு அப்படி ஒரு கார் கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில், 2019 நவம்பரில், ஜப்பானின் ஃபூஜி ஓடுபாதையில் ஜெர்மனிக்காரர்களும் ஜப்பான்காரர்களும் சேர்ந்து ஓட்டிய பந்தயத்தில் அவர் முதலாவதாக வந்தார். அதை நம் பேப்பர்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்?

திங்கட்கிழமை மகளோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரிவு மாற்றித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அவனை ஏ பிரிவுக்கு மாற்றினால் மிச்சம் நாற்பது பேர் என்ன ஆவார்கள்? டி பிரிவுக்குக் கணக்குக்கு ஒரு நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். இன்னும் மூன்று பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றார்கள். நான் பணியில் இருந்தபோது எத்தனை முறை கேட்ட வார்த்தை அது! அடுத்த வாரம் மறுபடி போவேன்.

அதுவரை சனிக்கிழமைகளில் கணக்கு என் வீட்டில். சதவீதத்தை 107-இல்தான் ஆரம்பித்தோம். முதல் ஆள் 80 விநாடி எடுத்தால் மற்றவர்கள் எத்தனைக்குள் வர வேண்டும்? 85.6 என்று மனக்கணக்காகவே சொன்னான். புள்ளி வைத்த எண் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிற பையன். இப்போது அவன் பிரிவிலிருந்து பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளில் வருகிறார்கள். மரியோ கார்ட்டில் நான்கு பேர் சேர்ந்து ஓட்டலாம் என்பதால் இடப்பிரச்சினை இல்லை. நான்தான் கடைசி. ராக்கெட் எனக்கு அடிக்கடி வருகிறது.

கோவையில் இருக்கும் என் பிள்ளைகளிடம் ஒரு உதவி. அங்கே சிறுவர்களைக் கோ-கார்ட்டில் உட்கார வைக்க எத்தனை வயது, எவ்வளவு உயரம் வேண்டும், அரை மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்? விசாரித்துச் சொல்லுங்கள். மே மாதம் மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். இவன் உயரம் நான்கரை அடி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மண்டகப்பட்டு.