நாக்கின் சாட்சி

போன மாதம் கல்கத்தா லேக் மார்க்கெட் கடையொன்றில் டார்ஜிலிங் செகண்ட் ஃப்ளஷ் என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். வீட்டில் இரண்டரை கிராம் நிறுத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு கரண்டி உறிஞ்சினேன். மேச்சி நதிக்கு அக்கரை, நேபாளச் சரக்கு. திரும்பிப் போய்ச் சொன்னேன். "டீ டீதானே, காகு" என்றான் கடைப் பையன். 38 வருஷம் டால்ஹவுசியில் டேஸ்டராக இருந்தவனிடம்!

நாட்டிலேயே முதல் புவிசார் குறியீடு 2004இல் டார்ஜிலிங் டீக்குத்தான் கிடைத்தது. 87 தோட்டங்கள், எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு ஒரு கோடி கிலோ தேறாது. பொய்ப் பெயர் போட்டு விற்றால் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது சட்டம்.

ஆனால் பொய் என்று எப்படிக் காட்டுவது? எனக்குத் தொழில் கற்றுத்தந்த பொரோபாபு ஐந்து கோப்பை வைப்பார். நான்கு நம் மலை, ஒன்று நேபாளத்து இலாம். மூன்று சீசன் தோற்றேன். அங்கேயும் சைனா ஜாத் செடி, அதே பனி, ஏறக்குறைய அதே உயரம். "செடிக்கு எல்லைக்கோடு தெரியுமா?" என்பார். சூட்டில் இரண்டும் ஒன்றாகவே பேசும். ஆறவிட்டுக் குடிக்கச் சொன்னார். நான்காவது சீசனில், ஒரு ஜூன் மழையில் பிடிபட்டது: அக்கரை லிக்கர் முன்நாக்கில் பாய்ந்துவிட்டுக் கலைந்துபோகும், பச்சைத் தத்துப்பூச்சி கடித்த நம் இலையின் மஸ்கடெல் மணம் ஆறிய பிறகும் தொண்டையில் நிற்கும். துள்ளிக் குதித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நாக்கு சாட்சிக் கூண்டில் ஏறாது. எந்தத் தோட்டம், எந்த இன்வாய்ஸ் என்று கேள்" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏலத்தில் லாட்டுக்குத் தோட்டப் பெயர் உண்டு, ஏற்றுமதிக்கு மூலச் சான்று உண்டு. கலப்பு நடப்பது அதற்குப் பின்னால், பேக்கிங் கிடங்கில். உள்ளே வந்தது எத்தனை கிலோ, டார்ஜிலிங் என்று வெளியே போனது எத்தனை கிலோ? இந்தக் கணக்கைப் பார்த்து, சந்தேகப்பட்ட சரக்குக்கு நல்ல டேஸ்டரை அழைத்தால் போதும். ஆனால் டீ போர்டு இதே ஊர் சோனார் ஓட்டலின் 'டார்ஜிலிங் லவுஞ்ச்' பெயருக்காக ஐ.டி.சி. மீது வழக்குப் போட்டது. 2019இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. லவுஞ்ச் டீ இல்லையே, தீர்ப்பு சரிதான். வருஷக்கணக்கில் அதற்குச் செலவான உழைப்பை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நல்ல டேஸ்டர் என்றேன். ஓய்வுபெற்ற வருஷம் என்னோடு மேசையைச் சுற்றிய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் சூட்டிலேயே உறிஞ்சித் துப்பி மார்க்கைத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். கோப்பை ஆறட்டும் என்று நான் நின்றால், அடுத்த வரிசை காத்திருக்கிறது என்று கோப்பைகளை எடுக்கச் சொன்னார்கள்.