குளம் உடையவில்லை

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு வன்னியில் பெய்த மழையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர்மனைகளுக்குள் வெள்ளம் புகுந்த நாட்கள் அவை. அன்றிரவு நான் முல்லைத்தீவுக் கிராமமொன்றில், வேலையில் அறிமுகமான ஓர் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தேன்.

பதினொரு மணியிருக்கும். ஒழுங்கையில் சத்தம். "குளம் உடைச்சிட்டுதாம், ஓடுங்கோ!"

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கதவடியில் தொங்கிய பையை எடுத்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணாமலாக்கப்பட்ட கணவரின் படம் எல்லாம் அதற்குள். 2009இலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. மாமியை இருவருமாகத் தாங்கிக்கொண்டு இருட்டில் ஓடினோம். மதகடியில் வழுக்கி விழுந்ததில் மாமியின் இடுப்பெலும்பு முறிந்தது.

குளம் உடையவில்லை. உடையாமலிருக்கத்தான் வான் கதவைத் திறந்திருந்தார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று பிறகு விசாரித்தேன். (சமூகவியல் படித்த பழக்கம்.) செய்தியாளர் தம்பி ஒருவர் பொறுப்பதிகாரிக்குப் பலமுறை தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர் ஒரேயொரு தடவை பதிலளித்து, "கதவு திறந்தாச்சு, மிச்சத்தை மேலிடத்தில கேளும்" என்று வைத்துவிட்டாராம். அணைக்கட்டு உறுதியா, எந்தக் கிராமம் எழும்பவேண்டும், எதுவுமில்லை. தம்பி, 'குளம் திறப்பு, மக்கள் அவதானம்' என்று குறுஞ்செய்தி அனுப்பினார். நாலாவது கைக்குப் போகையில் குளம் உடைந்துவிட்டது.

அதிகாரியிடம் போனேன். "பத்திரிகைக்குக் கதைச்சால் நாளைக்கு விளக்கம் கேட்பினம், பிள்ளை" என்றார். பொய்யில்லை. அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதைத் தாபன விதிக்கோவை தடுக்கிறது. ஆனால் அந்த அனுமதியை மழைக்கு முன்பே வாங்கி வைத்திருக்கலாமே! தம்பியோ, "போன் எடுக்காட்டி நான் என்ன செய்ய அக்கா?" என்றார். தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கலாம் என்றேன். பேசாமலிருந்தார்.

அடுத்த மாரிக்கு முன் மாதர் சங்கக் கூட்டத்துக்கு இருவரையும் அழைத்தோம். கிராம அலுவலரும் வந்தார். திறந்ததா உடைந்ததா, எந்தக் கிராமத்துக்கு ஆபத்து, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இந்த மூன்றும் இல்லாமல் செய்தி வெளியே போகக்கூடாது என்று முடிவானது. கடைசிக் கேள்வி அக்கா கேட்டது. "ஒண்டுமில்லையெண்டாலும் அதைச் சொல்லுங்கோ சேர். நாங்கள் முழிச்சிருக்கிறம்."

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பத்து மணித் தகவல் வந்துவிட்டது, பன்னிரண்டுக்கு அடுத்தது என்றார். பை மடியில்தான் இருந்ததாம். மாமி நித்திரையாம்.