கரிசலில் குழி போடுகிறவர்கள்

சூலூர் பக்கம் கரிசல் காட்டை மனை பிரித்த இடம் அது. கட்டி முடித்த வீடொன்றில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. அடிச்சுவரில் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, உப்புப் பூத்திருக்கிறது. பக்கத்து மனையில் புது வீட்டுக்குக் கடக்கால் வேலை. அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

"ஒரே ஈரமா இருந்தா இந்த மண்ணு யாரையும் ஒண்ணும் பண்ணாதுங்க. குடிச்சுக் குடிச்சுக் காயறதுதான் வெனை" என்றார் மேஸ்திரி. கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களித்தாது நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கிற நிலம் ஐப்பசி மழையில் மூடிக்கொள்கிறது. ஆழமான கரிசலில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை இருக்கும். மேலாக நிற்கும் கருங்கல் கட்டை அது வருடா வருடம் தூக்கி இறக்குகிறது.

அந்த ஆழத்துக்கும் கீழே போய் ஊன்றுவதுதான் அண்டர் ரீம்டு பைல். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை. முக்காலி நட்டு, நாலு பேர் சுற்றி வந்து ஆகர் என்னும் துளைக்கருவியைத் திருகுகிறார்கள். முதலில் பிசினாகக் கறுப்பு மண். பிறகு வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல். ஆழம் வந்ததும் விரியும் கத்தி பொருத்திய கருவியை இறக்குகிறார்கள். மேலிருந்து அழுத்தித் திருக, உள்ளே கத்தி விரிந்து பக்கவாட்டு மண்ணைச் சீவுகிறது. குழியின் அடியில் பம்பரம் போலக் குடம் விழுகிறது. தண்டைவிட இரண்டரை மடங்கு அகலம். மண் எவ்வளவு உப்பினாலும் அந்தக் குடம் பைலை மேலே வரவிடாது.

குடம் சரியாக விழுந்ததா என்று எட்டிப் பார்க்க முடியாது. கம்பியில் போட்ட அடையாளம் இறங்குவதையும் கைக்கு வரும் இறுக்கத்தையும் வைத்தே சொல்கிறார்கள். நான் மிகவும் மதிக்கும் திறமை இது. மண்ணுக்குள் மறைந்துபோகிற வேலை என்பதால் வீட்டுக்காரர்கள் முதலில் சிக்கனம் பிடிப்பதும் இதில்தான். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. குழியை இரவு திறந்து போடக்கூடாது, ஓரம் சரியும். அன்றே கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போட்டாக வேண்டும். பைல்களை இணைக்கும் பெல்ட்டுக்கு அடியிலும் மண் உப்புவதற்கு இடம் விடுகிறார்கள்.

வெடித்த வீட்டம்மா வந்து நின்றார். "எங்கூட்டுக்கு என்னண்ணா பண்றது?"

மேஸ்திரி வீட்டைச் சுற்றி நடந்தார். 2003-இல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமான பிறகு எல்லோரும் தொட்டி வைக்கிறார்கள். இங்கே அது சுவரை ஒட்டியே இருந்தது. மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் கடக்காலுக்கே போகிறது.

"தொட்டியத் தள்ளி வெளிமூலைக்குக் கொண்டு போங்கம்மா. சுத்தியும் வாட்டமா மூணடிக்குக் கான்கிரீட் போடுங்க. வெடிப்ப இப்பப் பூசாதீங்க. ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும், அது நின்னுருச்சான்னு பாத்துட்டுப் பூசலாம்."

தை மாதம் கல்யாணம் வைத்திருப்பதாக அவர் தயங்கினார். "அப்ப வெள்ளை மட்டும் அடிச்சுக்கங்க" என்றார் மேஸ்திரி.