800 ரூபாயில் ஒரு தீவு!

அந்தமான்னு சொன்னதும் வீட்டில் 'செல்லுலார் ஜெயிலா?' என்பார்கள். ஃப்ரெண்ட்ஸ் 'ஹனிமூனாடா?' என்று ஓட்டுவார்கள். ரெண்டுமே இல்லை பாஸ்! செமஸ்டர் லீவில், சேர்த்துவைத்த பாக்கெட் மணியோடு இன்ஜினீயரிங் பசங்க மூணு பேர் போய் ஜாலியா தங்கிட்டு வரக்கூடிய ஊர்தான் அது.

நாங்க போனது நீல் தீவு. 2018-ல் இருந்து இதன் பேர் ஷாஹீத் தீவு. பழைய பேருக்குக் காரணம், 1857 கிளர்ச்சியைக் கொடூரமா அடக்கிய ஜேம்ஸ் நீல். நம்ம சென்னை மவுன்ட் ரோட்டில் இவருக்குச் சிலை இருந்தது. அதை எடுக்கச்சொல்லி 1927-ல் போராட்டமே நடந்து, 1937-ல் ராஜாஜி ஆட்சியில் அகற்றினார்கள். ஆக, நீல் நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பார்ட்டிதான்!

சென்னையிலிருந்து ஃப்ளைட்டில் ரெண்டு மணி நேரத்துச் சொச்சம். இல்லேன்னா, கப்பலில் மூணு நாள். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கி, கவர்மென்ட் ஃபெர்ரி பிடித்தால் நீல்.

ஜெட்டியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்க கெஸ்ட் ஹவுஸ். பாக்குத் தோப்புக்குள்ள நாலு மூங்கில் குடிசை. ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு ஃபேன், ஓட்டை இல்லாத கொசுவலை. மூணு பேருக்கும் சேர்த்து ராத்திரிக்கு 800 ரூபாய். நடத்துறது ஒரு வங்காளிக் குடும்பம். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களைத்தான் அரசாங்கம் இங்கே குடியமர்த்தியது. அந்த அம்மாவை 'தீதி', அவர் வீட்டுக்காரரை 'தாதா'ன்னு கூப்பிடணும். பயப்படாதீங்க, வங்காளத்தில் தாதான்னா அண்ணன்!

முதல் ஷாக் சூரியன். ஜனவரியில் சாயங்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் அஸ்தமனம் முடிஞ்சுது. காரணம் சிம்பிள். ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 4 நிமிஷம். சென்னைக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 13 டிகிரி தள்ளி இருக்கு தீவு. சூரியன் 50 நிமிஷம் முன்னாலேயே வந்துட்டுப் போயிடுது. கடிகாரம் மட்டும் நம்ம ஊர் டைம். அதனால தீதி ஏழு மணிக்கு சோறு, பருப்பு, கடுகு அரைச்சு ஊத்தின மீன் குழம்பு போட்டுடுவாங்க. எட்டு மணிக்குத் தீவே கொர்ர்ர்!

ரெண்டாவது ஷாக் தண்ணி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பக்கெட். ஷவர் கிடையாது. கடலில் உப்பு ஊறி வந்த நம்ம நண்பன் ஒருத்தன், "காசு கொடுத்துத்தானே தங்கறோம்?"னு கொதிச்சுட்டான். தீதி சண்டை போடலை. கொல்லைக்குக் கூட்டிட்டுப்போய்க் கிணத்தைக் காட்டினாங்க. பக்கத்திலேயே கத்திரிச் செடியும் பூசணிக் கொடியும். அந்தமானுக்கே காய்கறி அனுப்புற தீவு இது.

இங்கேதான் எங்க சிவில் நண்பன் சிலபஸ்ஸை அவிழ்த்தான். சின்னத் தீவுகளில் மழைத் தண்ணி, கனமான உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினா, அடியிலிருந்து உப்பு மேலே ஏறிடும். ஒரு தடவை ஏறினா, அது இறங்க அடுத்தடுத்த மழைக்காலம் வரைக்கும் காத்திருக்கணும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. டூரிஸ்ட் கூட்டமும் அப்பத்தான்!

"ஷவர் போட்டா ரூமுக்கு 500 ரூபாய் கூடக் கேக்கலாம்னு தாதா சொல்றார். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு அது வேணும். ஆனா, கிணறு உப்பாயிட்டா செடி செத்துடும்" என்றார் தீதி, எங்க அரைகுறை இந்திக்குப் புரியிற மாதிரி நிதானமா. இந்த சீசன் முடியறதுக்குள்ளே ரெண்டு பேரும் முடிவு பண்ணணுமாம். கொதிச்ச நண்பன் மறுநாள் ஒரே பக்கெட்டில் முடிச்சுக்கிட்டான்.

சைக்கிள் எடுத்தா ராம்நகர், பரத்பூர், சீதாபூர், லட்சுமண்பூர்னு ராமாயணமே சுத்தி வரலாம். லட்சுமண்பூரில் கடல் குடைஞ்ச பாறைப் பாலம் ஒண்ணு இருக்கு. வங்காளிகள் வெச்ச பேர் ஹௌரா பிரிட்ஜ்! கடல் வத்துற நேரத்தில்தான் போகமுடியும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். தாதாகிட்ட கேட்டா, திதியைக் கணக்குப் போட்டுக் கரெக்டா சொல்றார்.

கிளம்பப் போறீங்களா? சில டிப்ஸ்...

* கையில் ரொக்கம் வேணும். சிக்னலை நம்பி போனில் பணம் அனுப்பலாம்னு போகாதீங்க.

* கடல் கொந்தளிச்சா ஃபெர்ரி ரத்தாகும். ரிட்டர்ன் ஃப்ளைட்டுக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்துடுங்க.

* பவளத்துண்டு கண்ணைப் பறிக்கும். பையில் போடாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

* ரூம் புக் பண்ணும்போது 'ஷவர் இருக்கா?'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, 'கிணத்தில் தண்ணி எப்படி?'ன்னு கேளுங்க!